வலைப்பக்கத்தில் சேர்க்கும் லைப்ரரி யாருடைய சர்வரிலிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பெங்களூருப் பதிப்போடு வரும் மாணவர் இணைப்பில், வலைப்பக்கம் அமைப்பது பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் கோப்பை, நம் பக்கத்தில் எவ்வாறு சேர்ப்பது என்பதை, ஆங்கில வழிகாட்டிகளைப் படிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கும் விளங்கும் தமிழில் எழுதியிருந்தது பாராட்டத்தக்கது. ஆனால், 'இந்த ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் போதும்' என்று சொன்ன கட்டுரையாளர், அந்த வரிக்குள் இருந்த முகவரி யாருடையது, அங்கிருந்து வரும் கோப்பை நாளை யார் மாற்றினாலும் நம் பக்கத்துக்கு என்ன நேரும் என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த நகரின் மென்பொருள் நிறுவனங்களில் பல ஆண்டுகள் வலைப்பக்கம் கட்டும் வேலையைச் செய்தவன், இப்போதும் அல்சூர், சிவாஜி நகர்ப் பகுதிகளிலுள்ள சில தமிழ் அமைப்புகளின் தளங்களுக்கு ஓய்வு நேரத்தில் உதவி வருபவன் என்ற முறையில், அந்த விடுபாட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரவுசர் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும்போது ஸ்கிரிப்ட் டேக் (நிரல் கோப்பை அழைக்கும் குறி) ஒன்றைக் கண்டால், வேறு குறிப்பு எதுவும் இல்லாத நிலையில், அந்த இடத்திலேயே நின்று, அதில் கண்ட முகவரியிலிருந்து கோப்பை வாங்கி, அதை இயக்கி முடித்த பிறகே அடுத்த வரிக்கு நகரும். ஆகவே லைப்ரரி முன்னும், அதை நம்பி நாம் எழுதிய ஸ்கிரிப்ட் பின்னுமாக இருக்க வேண்டும். வரிசை மாறினால், 'டாலர் குறி வரையறுக்கப்படவில்லை' என்ற பொருளில் ஜேகுவெரி என்ற புகழ்பெற்ற லைப்ரரியை டாலர் குறியால் அழைத்துப் பழகுவோர் அனைவரும் ஒரு நாள் பார்த்துத் திகைக்கும் அந்தப் பிழைச் செய்தி வரும். பக்கத்தின் தலைப்பகுதியில் டேக்கை வைத்து 'டிஃபர்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், பக்கம் படிக்கப்படும்போதே கோப்பு பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கும். பக்கம் முழுவதும் படிக்கப்பட்ட பிறகு, டேக்குகள் எழுதப்பட்ட அதே வரிசையில் ஸ்கிரிப்டுகள் இயங்கும். கட்டுரையில் காட்டியிருந்த 'அசிங்க்' அப்படியல்ல. எந்தக் கோப்பு முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் இயங்கிவிடும் என்பதால், ஒன்றை ஒன்று சார்ந்திருக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு அது பொருந்தாது. நம் வீட்டு வைஃபையில் சரியாக ஓடிய பக்கம், கோலார் தங்க வயலில் இருக்கும் ஒருவரின் கைபேசியில் சில வேளை ஓடுவதும் சில வேளை நின்றுபோவதும் இதனால்தான். இது சிறிய திருத்தம். அடுத்த இணைப்பில் ஒரு வரியில் வெளியிட்டுவிடலாம்.

பெரிய விஷயம் அந்தக் கோப்புக்குக் கிடைக்கும் அதிகாரம். ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தை எட்டிப் பார்க்க முடியாதபடி பிரவுசர்கள் காவல் காக்கின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். அது உண்மைதான். ஆனால் நாமே ஸ்கிரிப்ட் டேக் போட்டு அழைத்து வந்த கோப்புக்கு அந்தக் காவல் பொருந்துவதில்லை. வேறொரு சர்வரிலிருந்து வந்திருந்தாலும், அது நம் பக்கத்துக்குள் நுழைந்த கணத்திலிருந்து நம் பக்கத்தின் ஸ்கிரிப்டாகவே நடத்தப்படுகிறது. நாம் எழுதிய பத்து வரியையும், அழைத்து வந்த லைப்ரரியின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளையும் பிரவுசர் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. படிவத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல், கைபேசி எண், வங்கி அட்டை எண் என எதை வேண்டுமானாலும் அது படிக்கலாம், வெளியே அனுப்பலாம், பக்கத்தின் எழுத்தையே மாற்றலாம், வந்தவரை வேறு தளத்துக்குத் திருப்பி அனுப்பலாம். டேங்கர் தண்ணீர் வாங்கிப் பழகிய பெங்களூருவாசிகள் லாரி எந்த ஆழ்துளைக் கிணற்றில் நிரப்பி வருகிறது என்று ஓட்டுநரை ஒரு முறையாவது கேட்பார்கள். வலைப்பக்கத்துக்கு நாள்தோறும் வந்திறங்கும் கோப்பைப் பற்றி நாம் அவ்வளவு கூடக் கேட்பதில்லை.

இது வெறும் அச்சமூட்டல் என்று யாரேனும் நினைத்தால், பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரிக்கு 2024இல் நேர்ந்ததைப் பார்க்கட்டும். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை ஈடுசெய்யும் ஸ்கிரிப்டுகளைத் தருவதற்காக, ஆண்ட்ரூ பெட்ஸ் என்ற நிரலாளர் தொடங்கிய நல்ல திட்டம் அது. எத்தனையோ பயிற்சிக் கட்டுரைகள் அந்த முகவரியை அப்படியே ஒட்டச் சொல்லின. உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒட்டின. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் (தள முகவரிப் பெயர்) ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த டொமைன் ஒருபோதும் தமக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்றும், அந்த வரியை உடனே நீக்கிவிடுங்கள் என்றும் பெட்ஸ் அப்போதே பகிரங்கமாக எச்சரித்தார். கேட்டவர்கள் சிலர். ஜூன் மாத இறுதியில், அந்த முகவரியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் கைபேசியில் பார்ப்பவர்களைப் பந்தயச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்புகிறது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். குறிப்பிட்ட கைபேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே அது தன் வேலையைக் காட்டியது. தளத்தின் நிர்வாகி உள்ளே நுழைந்திருந்தால் அடங்கி இருந்தது. தளம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நிர்வாகி சொல்வார், பார்க்க வந்தவர் சூதாட்டப் பக்கம் வருகிறதே என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருந்திருக்கும். இதில் ஒரு தளத்தைக்கூட யாரும் உடைத்து உள்ளே புகவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தளத்துக்காரர்கள் தாங்களே முன்பு ஒட்டி வைத்த வரி, ஒரு எழுத்தும் மாறாமல் அங்கேயே இருந்தது. முகவரிக்கு அப்பால் இருந்த ஆள் மட்டும் மாறிவிட்டார்.

2018 பிப்ரவரி 11 அன்று நடந்தது இதைவிடக் கொஞ்சம் விசித்திரமானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வலைப்பக்கத்தின் எழுத்தை வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற ஸ்கிரிப்டுக்குள் யாரோ கைவைத்து, கிரிப்டோ நாணயம் தோண்டும் (பிறர் கணினியின் திறனைச் செலவிட்டு மின்னணு நாணயம் ஈட்டும்) நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதன் விளைவாக, பிரிட்டனில் தனியுரிமையைக் காக்கும் பொறுப்புடைய தகவல் ஆணையர் அலுவலகம் உட்பட நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களைத் திறந்தவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலே யாருக்கோ நாணயம் தோண்டிக் கொடுத்தன. ஒரே கோப்பு, நான்காயிரம் தளம்.

இப்படிப் பிறர் சர்வரிலிருந்து லைப்ரரியை எடுக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதற்கும் நியாயமான வரலாறு உண்டு. அந்த நியாயம் இன்று செல்லாது என்பதே என் வாதத்தின் மையம். ஜான் ரெசிக் 2006இல் ஜேகுவெரியை வெளியிட்டபோது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு விதமாகவும் ஃபயர்ஃபாக்ஸ் வேறு விதமாகவும் நடந்துகொண்ட காலம். ஒரு பொத்தானைச் சொடுக்கினால் ஒரு பெட்டி திறக்க வேண்டும் என்பதற்கே இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை ஒரே லைப்ரரி தீர்த்து வைத்ததால் அது காட்டுத்தீயாகப் பரவியது. இன்றும் உலகத் தளங்களில் பாதிக்கும் மிக மேலானவற்றில் அது இருக்கிறது. 2008இல் கூகுள் தன் சர்வரில் இத்தகைய லைப்ரரிகளை வைத்து எல்லோருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து கோப்புகளைத் தரும், சிடிஎன் எனப்படும் பரவல் வலையமைப்புகள் பலவும் அடுத்தடுத்து அதையே செய்தன. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் கவர்ச்சியானது: ஒருவர் வேறொரு தளத்தைப் பார்த்தபோதே அதே முகவரியிலிருந்து ஜேகுவெரி அவருடைய பிரவுசரில் இறங்கி, கேஷ் எனப்படும் சேமிப்பில் தங்கியிருக்கும், நம் தளத்துக்கு வரும்போது மறுபடி இறக்க வேண்டியதில்லை, ஆகவே நம் பக்கம் விரைவாகத் திறக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போய் வந்தார் என்பதை அந்தப் பொதுச் சேமிப்பை வைத்தே உளவறிய முடியும் என்று தெரியவந்ததால், பிரவுசர்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. சஃபாரி 2013இலேயே சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டது. குரோம் 2020 அக்டோபரில் வந்த 86ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் வந்த 85ஆம் பதிப்பிலும் அவ்வாறே செய்தன. இன்று ஒருவர் ஆயிரம் தளங்களில் ஒரே சிடிஎன் முகவரியிலிருந்து ஜேகுவெரியை இறக்கியிருந்தாலும், நம் தளத்துக்கு முதல் முறை வரும்போது அவருடைய பிரவுசர் அதை மீண்டும் இறக்கத்தான் செய்யும். அதற்கு மேல், இன்னொரு டொமைனின் முகவரியைத் தேடி, தனியாக ஒரு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் நேரமும் கூடுகிறது. நிலைமை இப்படி இருக்க, 'சிடிஎன்னிலிருந்து எடுத்தால் வேகம் கூடும்' என்ற வாக்கியத்தை 2012இல் எழுதிய அதே உறுதியோடு இன்றும் மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுப்பது பொருந்தாது. பெரிய நிறுவனம் தன் முழுத் தளத்தையும் பரவல் வலையமைப்பின் வழியே தருவது வேறு. அதற்கு வேறு பயன்கள் உண்டு. நான் சொல்வது நம்மைப் போன்ற சிறு தளங்களைப் பற்றி.

சிறு தளத்துக்கு நேரான வழி, லைப்ரரியின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து சுருக்கிய (வெற்றிடங்களும் குறிப்புகளும் நீக்கிய) கோப்பை இறக்கி, நம் சர்வரில் நம் படங்களும் பிற கோப்புகளும் இருக்கும் இடத்திலேயே வைத்து, அங்கிருந்தே அழைப்பது. ஜேகுவெரியின் 3.7.1 பதிப்பு சுருக்கிய நிலையில் 90 கிலோபைட்டுக்கும் குறைவு. சர்வர் அதை மேலும் அடக்கி அனுப்பும்போது ஏறத்தாழ 30 கிலோபைட். சங்கத்தின் ஆண்டு விழாப் புகைப்படம் ஒன்றுக்கே இதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணை விடாமல் வைத்திருக்க வேண்டும். எண்ணில்லாத 'ஜேகுவெரி மின்' (jquery.min.js) என்ற கோப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பின்னால் வருபவருக்கு எளிதில் தெரியாது.

ஏதோ காரணத்தால் பிறர் சர்வரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், அதற்கும் ஒரு காப்பு இருக்கிறது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2016 ஜூனில் பரிந்துரையாக வெளியிட்ட முறை அது. ஸ்கிரிப்ட் டேக்குக்குள் 'இன்டெக்ரிட்டி' என்ற பண்பைச் சேர்த்து, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை) அதில் எழுதிவிட வேண்டும். கூடவே 'கிராஸ்ஆரிஜின்' பண்புக்கு 'அனானிமஸ்' என்று மதிப்புத் தர வேண்டும். பிரவுசர் கோப்பை வாங்கியதும் அதன் ஹாஷைத் தானே கணக்கிட்டு, நாம் எழுதியதோடு ஒப்பிடும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், கோப்பை இயக்காமல் ஒதுக்கிவிடும். பிரவுஸ்அலவுட்டை அழைத்த தளங்கள் இந்தப் பண்பைச் சேர்த்திருந்தால், அன்று வாசிப்பு வசதி நின்றுபோயிருக்குமே தவிர நாணயம் தோண்டும் வேலை நடந்திருக்காது. ஆனால் பாலிஃபில் முகவரிக்கு இந்தக் காப்பைப் போட்டிருக்கவே முடியாது. வருகின்ற பிரவுசருக்கு ஏற்ப வெவ்வேறு உள்ளடக்கத்தை அனுப்புவது அந்தச் சேவையின் இயல்பு. ஒரு நிலையான ஹாஷ் அதற்கு இருக்க வழியில்லை. 'எப்போதும் புதிய பதிப்பு' என்று எண்ணில்லாமல் தரப்படும் முகவரிகளின் நிலையும் இதுவே. ஆகவே ஹாஷ் எழுத முடியாத முகவரி என்றாலே, அதை அழைக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

நம் சர்வரில் வைத்துவிட்டோம் என்பதாலேயே கவலை தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் 2018இல் நடந்த திருட்டில், மாடர்னைசர் என்ற லைப்ரரிக் கோப்பு அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே இருந்தது. உள்ளே புகுந்தவர்கள் அதன் அடியில் 22 வரிகளைச் சேர்த்து, பயணிகள் தட்டச்சு செய்த அட்டை விவரங்களை வேறு சர்வருக்கு அனுப்பினார்கள். 2020 அக்டோபரில் அந்நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 2 கோடி பவுண்டு. சர்வருக்குள் எழுதும் உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். அதோடு, கொண்டுவந்து வைத்த கோப்பு பழையதாகிக்கொண்டே போகும். ஜேகுவெரியில் 3.5.0க்கு முந்தைய பதிப்புகளில், வெளியார் கொடுக்கும் எழுத்தைப் பக்கத்தில் சேர்க்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்டும் இயங்கிவிடக்கூடிய ஓட்டை இருந்தது. 2020 ஏப்ரலில் அதை அடைத்தார்கள். அதே ஓட்டையை, உண்மையிலேயே பயன்படுத்தித் தாக்குகிறார்கள் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை தன் பட்டியலில் சேர்த்தது 2025 ஜனவரியில். அடைத்து ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்தும் பழைய கோப்பையே வைத்திருக்கும் தளங்கள் அவ்வளவு உண்டு என்றுதான் இதற்குப் பொருள். நம் அமைப்புகளின் தளங்களும் அவற்றில் அடங்கும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெயர் குறிப்பிடுவது முறையல்ல. கல்லூரியில் படிக்கும்போது ஆர்வத்தோடு தளத்தைக் கட்டிக் கொடுத்த பிள்ளை, வேலை கிடைத்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்; செயலாளருக்குத் தெரிந்தது ஆண்டுக்கு ஒரு முறை டொமைனுக்குப் பணம் கட்டுவது மட்டுமே. அந்தத் தளத்தில்தான் கல்வி உதவித்தொகை கேட்கும் மாணவர்களின் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும், திருமணத் தகவல் மையத்தில் பதிவு செய்த குடும்பங்களின் விவரங்களும் வந்து சேர்கின்றன. எந்தெந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எதற்காக, யார் சேர்த்தது என்று ஒரு தாளில் எழுதிச் சங்கத்தின் கோப்பில் வைத்தால்கூடப் பாதித் தொல்லை குறையும். இதைச் சொன்னால் சில நிர்வாகிகள் சிரிக்கிறார்கள். ஆனால் அட்டை வழியே பணம் வாங்கும் பக்கங்களுக்கான பன்னாட்டு விதிமுறையே 2025 மார்ச் 31 முதல் இதைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது: அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியல் வேண்டும், ஏன் வேண்டும் என்ற காரணம் வேண்டும், அது மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி வேண்டும்.

தனியுரிமைக் கோணமும் ஒன்று உண்டு; சுருக்கமாகச் சொல்கிறேன். பிறர் சர்வரிலிருந்து கோப்பை அழைக்கும்போது, நம் பக்கத்தைத் திறப்பவரின் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி அந்தப் பிறருக்குப் போகிறது. கூகுள் எழுத்துருவை இவ்வாறு நேரடியாக அழைத்த ஒரு தளத்துக்காரர், பார்வையாளருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று ஜெர்மனியின் மூனிக் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அது அந்நாட்டுச் சட்டம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் வாதிடவில்லை. ஆயினும், படிவங்களில் பிறர் தரவுகளை வாங்கும் அமைப்புகள் இதை இனியும் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைக் கட்டுரை கேட்கவே இல்லை: அந்த லைப்ரரி அந்தப் பக்கத்துக்குத் தேவைதானா? கட்டுரையில் காட்டிய எடுத்துக்காட்டு, பொத்தானைத் தொட்டால் பட்டியலை மறைப்பதும் காட்டுவதும். அதற்கு இன்றைய பிரவுசரில் இரண்டு மூன்று வரி போதும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஓய்வுபெறச் செய்துவிட்டது. ஜேகுவெரி எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்ததோ அதில் பெரும்பகுதி இன்று இல்லை. பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேடி எடுப்பது, சர்வரிலிருந்து தரவை வாங்குவது, உறுப்பின் தோற்றத்தை மாற்ற உதவும் 'கிளாஸ்' பெயரைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் பிரவுசரிலேயே உண்டு.

தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் கூடுதல் நன்மை இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். உறுப்பினர் பட்டியலை அகரவரிசையில் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைப்படுத்தல், ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோடு எண்ணை வைத்தே அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இருப்பதால், கனகா, கபிலன், கமலா என்று வரிசை வரும். நம் நெடுங்கணக்குப்படி னகரம் மெய்களில் கடைசி. கபிலன், கமலா, கனகா என்பதே சரி. இதைச் சரிசெய்யத் தனி லைப்ரரி தேடி, யாரோ எழுதிக் கைவிட்ட கோப்பு ஒன்றை எங்கிருந்தோ அழைத்து ஒட்டிய தளங்களைப் பார்த்திருக்கிறேன். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் 'இன்ட்ல்' (Intl) என்ற பன்மொழி வசதியின் 'கொலேட்டர்' உறுப்பிடம் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் அது சரியாக அடுக்கித் தரும். ஜனவரி, பிப்ரவரி என்று மாதப் பெயரைத் தமிழில் இட்டுத் தேதியை எழுதுவதும், தொகையை லட்சம், கோடி என்று புரியும்படி காற்புள்ளியிட்டு எழுதுவதும் அதே வசதியில் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்கிறது, ஏனெனில் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று என்று நாம் எண்ணுவதுபோல் எண்ணித் தரும் 'செக்மென்ட்டர்' உறுப்பு 2024 முதல் முக்கியமான பிரவுசர்கள் அனைத்திலும் கிடைக்கிறது. கைபேசி எண்ணும் பெயரும் வாங்கும் படிவத்தில் எழுத்து வரம்பு வைப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். தேதிகளுக்காகவே பலரும் சேர்த்துவந்த மொமென்ட் என்ற லைப்ரரியின் பராமரிப்பாளர்களே, புதிய பணிகளுக்கு வேறு வழி பாருங்கள் என்று 2020 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

லைப்ரரியே கூடாது என்பது என் கருத்தன்று. வரைபடம், வாக்குப் பதிவு அட்டவணைகள், தமிழ்த் தட்டச்சுப் பலகை போன்றவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது; பல ஆண்டுகள் பலர் சோதித்த நிரல், நாம் ஒரு மாலையில் எழுதுவதைவிட நம்பகமானது. எம்ஐடி உரிமம் போன்றவற்றின் கீழ் அவர்கள் அதை இலவசமாகத் தருவது பெரிய கொடை. அந்தக் கோப்பை உரிமக் குறிப்போடு நம்மிடம் வைத்துக்கொண்டு, பதிப்பைக் கவனித்து, அவர்கள் திருத்தியதும் நாமும் மாற்றுவதே அந்தக் கொடையை ஏற்கும் முறை.

தங்களிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. ஒன்று, இதே தொடரின் அடுத்த பகுதியில், கோப்பை இறக்கித் தன் சர்வரில் வைக்கும் முறையையே முதல் வழியாகவும், பிறர் முகவரியை இன்டெக்ரிட்டிப் பண்போடு அழைப்பதை இரண்டாம் வழியாகவும் கட்டுரையாளர் விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி சொல்லித்தரும் நண்பர்கள் தங்கள் இணைப்பை வெட்டி வைத்தே பாடம் நடத்துகிறார்கள். அதில் வருவதுதான் அவர்களுக்குப் பாடநூல்.

மற்றொன்று அச்சு தொடர்பானது. சென்ற வாரம் வெளியான நிரல் வரிகளில் நேரான மேற்கோள் குறிகள் இருக்க வேண்டிய இடத்தில், செய்திக்குப் போடும் வளைந்த குறிகள் அச்சாகியிருந்தன. பத்தியின் அகலத்துக்காக முகவரியின் நடுவே ஓர் இணைப்புக் கோடும் விழுந்திருந்தது. மின்னிதழிலிருந்து அதை நகலெடுத்து ஒட்டிய மாணவர்களுக்குப் பக்கம் இயங்கியிருக்காது. நிரல் வரிகளை இரண்டு பத்தி அகலத்தில் கட்டமிட்டு, நேரான குறிகளோடு போட வடிவமைப்புப் பிரிவினரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாஷ் மதிப்பை மட்டும் அச்சிட வேண்டாம். 384 பிட் ஹாஷ் என்றால் 64 எழுத்துகள். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வரும், ஒன்று மாறினாலும் பிரவுசர் கோப்பை மறுத்துவிடும். ஆகவே அதை லைப்ரரியின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி ஒரு குறிப்புப் போட்டால் போதுமானது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு